வைர டூலில் முதல் பீஸ்: 3 மி.மீ. விட்டமுள்ள செம்பைக் கண்ணாடியாக்குவது எப்படி?

சாதா லேத்தில் ஃபேசிங் அடித்துப் பழகியவருக்கு இந்த வேலை பாதி தெரிந்ததுதான். டூல் ஓரத்திலிருந்து மையத்துக்கு வரும், முகத்தில் ஒரு தோல் உரியும். மெஷின்தான் வேறு. பீஸைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் காற்றுப் படலத்தின் மேல் சுற்றும், ஸ்லைடு எண்ணெய்ப் படலத்தின் மேல் நகரும், அடியில் கருங்கல் மேடை. டூல் முனையில் ஒற்றைப் படிக வைரம். சாதா லேத்தில் 20 மைக்ரானை (ஒரு மைக்ரான், மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கே கால் மைக்ரானுக்கே பஞ்சாயத்து.

படி 1: உலோகம். செம்பு, பித்தளை, அலுமினியம் எதுவானாலும் சரி. இரும்பு மட்டும் வேண்டாம். வைரம் என்பது கார்பன். வெட்டும் சூட்டில் அது இரும்புக்குள் கரைந்து போகும், விலையுயர்ந்த முனை சீக்கிரமே மழுங்கும். எஃகு அச்சு வேண்டுமென்றால் மேலே நிக்கல்-பாஸ்பரஸ் பூச்சு ஏற்றி, பூச்சை மட்டும் கடைவார்கள்.

படி 2: காத்திருங்கள். ஸ்பிண்டிலை அரை மணி நேரமாவது சும்மா ஓடவிடுங்கள். 10 மி.மீ. நீளச் செம்பு ஒரு டிகிரி சூடேறினால் 0.17 மைக்ரான் நீளும். ஏசி காற்று பீஸின் மேல் நேராக அடித்தாலும் வேலை கெடும்.

படி 3: சென்டர் உயரம், அதாவது டூல் முனையை ஸ்பிண்டிலின் மையத்துக்குச் சரிமட்டமாக வைப்பது. முக்கால்வாசி நேரத்தை விழுங்குவது இதுதான். வேண்டாத ஒரு துண்டை மாட்டி, லேசாக ஒரு கட் எடுத்து, நடுப்புள்ளியை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். குட்டித் தூண் மாதிரி நின்றால் டூல் தாழ்ந்திருக்கிறது; கூம்பு மாதிரி இருந்தால் உயர்ந்திருக்கிறது. தூணின் விட்டம் 8 மைக்ரான் என்றால் டூலை 4 மைக்ரான் உயர்த்துங்கள். மறுபடி கட், மறுபடி பார்வை. முதல் நாள் நான் நாலு முறையோடு பொறுமையிழந்து நல்ல பீஸை மாட்டிவிட்டேன். முகமெல்லாம் பளபள, நட்டநடுவில் மட்டும் ஒரு பரு.

படி 4: ஃபீட் கணக்கு. ஃபீட் என்பது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்; முனை ஆரம் என்பது வைர முனையின் வளைவின் ஆரம். டூல் விட்டுப்போகும் வரிகளின் உயரம், ஃபீடின் வர்க்கத்தை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரும். முனை ஆரம் 0.5 மி.மீ., ஃபீட் சுற்றுக்கு 5 மைக்ரான் என்றால் சுமார் 6 நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). ஃபீடை இரட்டிப்பாக்கினால் அது 25 ஆகிவிடும்.

படி 5: ஃபினிஷ் கட். ஆழம் 2 மைக்ரான், வேகம் நிமிடத்துக்கு 2000 சுற்று, மிஸ்ட் கூலன்ட் (பனி மாதிரித் தெளிக்கும் குளிர்விப்பான்), பக்கத்திலேயே சக்‌ஷன். ஓரத்திலிருந்து மையம்வரை 1.5 மி.மீ.தானே, ஒன்பதே நொடி. சிலந்தி நூல் மாதிரிச் சுருள் வரும். அது முகத்தில் சுற்றிக்கொண்டால் கீறல்தான்.

கழற்றியதும் டிஷ்யூ பேப்பரால் துடைக்கும் ஆசை வரும். தொடாதீர்கள், செம்பு அவ்வளவு மென்மை. ஆல்கஹாலை ஊற்றிக் கழுவி, வடிகட்டிய காற்றில் உலர்த்துங்கள்.

ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். சி.டி.யின் முதுகு மாதிரி லேசாக வானவில் தெரிந்தால், அது அந்த 5 மைக்ரான் வரிகள். ஃபீடை 2 மைக்ரானாக்கி இன்னொரு முறை ஓட்டலாம். கணக்கு 1 நானோமீட்டர் என்று சொல்லும்; பீஸ் அதைக் கேட்காது. அந்த அளவில் மெஷினின் அதிர்வும் செம்புக்குள் இருக்கும் நுண்படிக மணிகளும் வரிகளைவிடப் பெரிதாகத் தெரியும்.