தமிழ்நாட்டில் வழக்கறிஞர் ஆவது எப்படி: பிளஸ் டூ முதல் வக்காலத்து வரை

முதலில் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிலும், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டுப் படிப்பிலும் சேரலாம். அரசு சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண் அடிப்படையில் இடம் ஒதுக்கப்படுகிறது. திருச்சியிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு கிளாட் எனப்படும் தேசிய அளவிலான சட்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்களை வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகள் ஏற்பதில்லை என்பதால், கல்லூரிக் கட்டணம் செலுத்தும் முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அஞ்சல் வழியில் பெற்ற சட்டப் பட்டமும் வழக்காடப் பயன்படாது.

பட்டம் கிடைத்ததும், 21 வயது நிறைந்தவர்கள் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி இதற்கான கட்டணம் 750 ரூபாய். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். இதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டே வழக்காட விதிகள் இடம் தருவதில்லை.

அடுத்து, அகில இந்திய பார் தேர்வு. தொடர்ந்து வழக்காட இதில் தேர்ச்சி பெற வேண்டும்; அதுவரை உங்கள் பதிவு தற்காலிகமானதே. நூறு கேள்விகளுக்கும் கொடுக்கப்பட்ட விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுசெல்லலாம் என்பதால், பிரிவுகளை மனப்பாடம் செய்வதைவிட எது எங்கே இருக்கிறது என்று விரைவாகப் புரட்டப் பழகுவதே பயன் தரும்.

ஜூனியராக இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் ஒரு சீனியரிடம் சில ஆண்டுகள் இருப்பதே, என் கருத்தில், உண்மையான பயிற்சி. வக்காலத்தில், அதாவது தனக்காக வாதாட வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர் அதிகாரம் தரும் பத்திரத்தில், அவரது கையெழுத்தையும் வழக்கறிஞர் சேமநல நிதி முத்திரையையும் சரிபார்ப்பது, குறைகளுக்காகத் திரும்பி வந்த மனுவைத் திருத்தி மீண்டும் தாக்கல் செய்வது, சீனியர் வேறு நீதிமன்றத்தில் இருக்கையில் எழுந்து நின்று வாய்தா கேட்பது போன்றவற்றை வகுப்பறை கற்றுத்தராது. 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டாலும், அதற்கு முன் நடந்த குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்துவதால், பழைய சட்டத்தையும் படித்தாக வேண்டும்.

சிவில் நீதிபதி தேர்வு எழுத எண்ணுபவர்களுக்கு 3 ஆண்டு வழக்காடிய அனுபவம் தேவை என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அந்த அனுபவம் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பதால், பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.