சோதனைப் பட்டையில் கோடு விழுந்ததும் மருந்தை எடுக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடகரையில், டொங்காட், வெருலம் பக்கம் ஆடு வளர்க்கிற நம்மவர்களுக்குக் கோடை மழைக்காலம்தான் சோதனைக் காலம். சூடும் ஈரமும் சேர்ந்தால் குடற்புழு பெருகும். அதில் ஆட்டைக் கொல்வது ஹீமாங்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் புழு. ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும்.

உயிரின் பாகங்களை வேண்டியபடி மாற்றியமைக்கும் செயற்கை உயிரியல், இந்தப் புழுவைக் கண்டுபிடிக்கப் புது வழிகளைத் தருகிறது. கேஸ்12, கேஸ்13 என்பவை குறிப்பிட்ட மரபணு வரிசையைத் தேடிப் பிடிக்கும் கிரிஸ்பர் நொதிகள். அவற்றைப் புழுவின் மரபணுத் துணுக்கை அடையாளம் காணும்படி அமைத்துவிட்டால், அது கிடைத்ததும் சோதனைக் காகிதப் பட்டையில் கோடு விழும். பெரும்பாலும் இவை இன்னும் ஆய்வக அளவில்தான் இருக்கின்றன. ஆனாலும் கைக்கு வருமுன்பே சில தவறுகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் தவறுதான் எனக்குப் பெரிய கவலை: கோடு விழுந்ததும் மந்தை முழுவதற்கும் மருந்து ஊற்றுவது. கோடு சொல்வது புழு இருக்கிறது என்பதை மட்டுமே. மேய்கிற ஆட்டில் கொஞ்சம் புழு இருக்கத்தான் செய்யும். பொதுவாக 20 முதல் 30 சதவீத ஆடுகளிடம்தான் சுமார் 80 சதவீதப் புழுக்கள் இருக்கும். எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சி, அதன் வாரிசுகளே மேய்ச்சல் நிலத்தை நிறைக்கும். தென்னாப்பிரிக்காவில் பல மருந்துகள் இப்படித்தான் பலன் இழந்தன. அதனால்தான் 1990-களில் இந்த நாட்டிலேயே ஃபமாச்சா முறை உருவானது: ஆட்டின் கீழ் இமையை விலக்கி, உள்நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 4, 5 என்றால் வெளிறிய கண், அதாவது இரத்தம் குறைந்துவிட்டது; கட்டாயம் மருந்து வேண்டும். 3 என்றால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். புதுச் சோதனை வந்தாலும் இமையைப் பார்ப்பதை விடாதீர்கள்.

சரி, கோடு விழவில்லை என்றால்? அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. உடலுக்குள் போன புழு முட்டையிட ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஆனால் அதற்கு முன்பே இரத்தம் குடிக்கத் தொடங்கிவிடும். புழுக்கையில் முட்டையைத் தேடும் சோதனைக்கு அது தெரியாது. தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கியிருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

புழுக்கையைத் தரையிலிருந்து பொறுக்காதீர்கள். மண்ணில் வாழும் வேறு புழுக்கள் கலந்துவிடும். கையுறை போட்டு ஆசனவாயிலிருந்தே எடுங்கள். சாணத்தில் உள்ள சில பொருட்கள் சோதனையின் வேதிவினையையே தடுக்கும். ஆகவே சோதனை சரியாக நடந்தது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு விழாத பட்டையை 'புழு இல்லை' என்று படிக்கக் கூடாது. அந்தச் சோதனையே செல்லாது.

மருந்து ஊற்றிய மறுநாளே திரும்பச் சோதிப்பதும் வீண். செத்த புழு, முட்டைகளின் மரபணுகூடக் கோட்டை எழுப்பலாம். மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, ஊற்றும் முன்பும் 10 முதல் 14 நாள் கழித்தும் முட்டைகளை எண்ண வேண்டும். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையாவிட்டால் அந்த மருந்தைச் சந்தேகிக்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மாகாணத்தின் ஆலர்ட்டன் கால்நடை ஆய்வகம் இருக்கிறது. முட்டை எண்ணுவது பற்றி அங்கே விசாரியுங்கள்.

அப்புறம் ஒன்று. மரபணு மாற்றிய பாக்டீரியாவையே, புழுவைக் கண்டு அறிவிக்கும் உணரியாக்கும் வழியும் உண்டு. சிஸ்டோசோமா என்பது மனிதருக்கு நோய் தரும் வேறொரு ஒட்டுண்ணிப் புழு; தண்ணீரில் நீந்தும் அதன் இளம்புழுவின் நொதியை அப்படிக் கண்டறிய முடியும் என்று 2016-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படிப்பட்ட உயிருள்ள பொருளை யாராவது கொடுத்தால் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிப் பார்க்காதீர்கள். மரபணு மாற்றிய உயிரினங்கள் பற்றிய 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அதற்கு அனுமதி வேண்டும்.