மாரியில் குசினி புகைக்காமல் இருக்க: விறகடுப்பையும் புகைக்கூட்டையும் துப்புரவாக்கும் முறை

ஐப்பசி பிறந்து, வடகிழக்கிலிருந்து வீசும் வாடை திரும்பினால் எங்கள் பக்கம் ஒரே முறைப்பாடுதான்: “புகைக்கூடு இழுக்குதில்லை.” தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்தில் ஒழுங்காக இழுத்த அதே கூடு, கார்த்திகை மழையில் புகையைக் குசினிக்குள்ளேயே கொட்டும். கண் எரியும், சோறு புகை மணக்கும், கடைசியில் அடுப்புக் கட்டிய மேசனுக்குத்தான் பேச்சு விழும். நானும் ஒருமுறை மேசனைப் பேசிவிட்டு அடுப்பை இடித்துத் திரும்பக் கட்டினேன். புது அடுப்பும் புகைத்தது. ஈர விறகு, சாரலுக்குச் சாத்திய யன்னல், இரண்டு வருடம் கைபடாத கரி, இந்த மூன்றும் அப்படியே இருந்தால் அடுப்பை மாற்றி என்ன பலன்?

இது முதல்தடவை செய்பவர்களுக்கான விளக்கம். 2022 இல் இலங்கையில் காஸ் கிடைக்காமல் விறகுக்குத் திரும்பி அப்படியே நின்றுவிட்டவர்களும், வீட்டுத்திட்ட வீட்டில் புகைக்கூடு இருந்தும் அதற்குள் ஒருநாளும் எட்டிப் பார்க்காதவர்களும் இதைப் பார்த்துச் செய்யலாம். அரைநாள் வேலை. புரட்டாதிக் கடைசியில், முதல் பெருமழைக்கு முன் செய்வது நல்லது. ஓடு காய்ந்திருக்கும், கூட்டுக்குள் கரியும் காய்ந்து உதிரும்.

தொடங்குமுன் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். புகைக்கூட்டில் இயந்திரம் எதுவும் இல்லை. சூடான புகை பாரம் குறைந்தது, அதனால் மேலே ஏறுகிறது. ஏறிப்போன அளவுக்குக் கீழே புதுக்காற்று வந்தாக வேண்டும். கூடு குளிர்ந்திருந்தால், வழி அடைபட்டிருந்தால், கீழே காற்று வராவிட்டால் புகை ஏறாது. மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

சுவிசில் இருக்கும் என் சித்தியின் மகன் போன மார்கழியில் வாட்ஸப்பில் தன் வீட்டு அடுப்பைக் காட்டினான். மரத்தூளை அழுத்திச் செய்த, 6 மில்லிமீற்றர் தடிப்பான குச்சிகளை எரிக்கும் பெலட் அடுப்பு அது. குச்சியை உள்ளே தள்ளவும் காற்றை ஊதவும் மின்மோட்டர் இருக்கிறது. ஆனாலும் அவன் செய்யும் வேலை என்ன? சாம்பல் அள்ளுகிறான், எரிகிண்ணத்தின் துளைகளைச் சுரண்டுகிறான், குழாயைத் தட்டுகிறான், குச்சி மூட்டையை ஈரம்படாமல் வைக்கிறான். “நீயும் அம்மம்மா செய்ததைத்தானடா செய்கிறாய்” என்றேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. முதலில் சாம்பல்

முதல்நாள் இரவுச் சமையலோடு நெருப்பை நிறுத்திவிடுங்கள். ஒருநாள் முழுக்க ஆறட்டும். மேலே வெள்ளைச் சாம்பல் படிந்து செத்ததுபோலத் தெரியும் தணல், அடியில் ஒருநாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். இதை நான் பட்டுத்தான் படித்தேன். காலையில் அள்ளிய சாம்பலை உரப்பையில் கட்டி வேலியோரம் சாய்த்து வைத்தேன். மத்தியானம் பார்த்தால் பை இல்லை, நாலு முழக் கிடுகு வேலியும் இல்லை. அன்றிலிருந்து மூடி உள்ள தகர வாளியில்தான் சாம்பல் போகும். வாளியையும் சிமெந்துத் தரையில், சுவரிலிருந்து தள்ளித்தான் வைப்பேன்.

அடுப்பின் அடியில் ஒரு விரல் தடிப்புக்குச் சாம்பலை விட்டுவையுங்கள். அது சூட்டைப் பிடித்து வைக்கும், தணலையும் காப்பாற்றும். அதற்கு மேல் ஏறினால் விறகுக்குக் கீழே காற்றுப் போக இடமில்லை. மாரியில் நாள்தோறும் அள்ளுங்கள்.

அள்ளிய சாம்பலை வீசத் தேவையில்லை. சட்டி விளக்கலாம், விதைப் பயறில் கலந்து வைக்கலாம், கத்தரி வெண்டிக்குத் தூவலாம். யூரியாவோடு மட்டும் கலக்க வேண்டாம். சாம்பல் காரம், யூரியாவில் உள்ள தழைச்சத்தை அமோனியாவாகக் கிளப்பிவிடும், காசு காற்றில் போகும். ஈரச்சாம்பல் தோலையும் அரிக்கும், வெறுங்கையால் பிசைய வேண்டாம்.

2. கூட்டுக்குள் பார்த்தல்

தடி எடுக்குமுன் கண்ணால் பாருங்கள். பகலில் முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றை அடுப்பு மேடையில் சரித்துப் பிடித்தால் கூட்டின் உச்சியில் வானம் சதுரமாகத் தெரியும். தெரியாவிட்டால் நடுவில் ஏதோ இருக்கிறது. கைத்தொலைபேசியின் செல்ஃபி கமராவை மேலே பார்க்க வைத்து வீடியோ எடுத்தாலும் சரி. எங்கள் கூட்டில் இருந்தது அணிற்கூடு. தென்னந்தும்பும் துணிநூலுமாக ஒரு கடகம் நிறைய வந்தது. குளவிக்கூடு தெரிந்தால் அன்று வேலையை நிறுத்துங்கள். ஏணியில் நிற்கும்போது குளவி கலைந்தால் கொட்டுவதைவிட விழுவதுதான் ஆபத்து.

பிறகு சுவரை விரலால் தேயுங்கள். கையில் மாப்போல ஒட்டுவது சாதாரண ஒட்டறை. தார் பூசியதுபோலக் கறுத்து மினுங்கி, நகத்தால் கிள்ளினாலும் வராமல் இருந்தால் அது கிரியோசோட். ஈரவிறகின் புகை குளிர்ந்த சுவரில் பட்டுப் படிந்த தார் அது. தீப்பற்றக் கூடியது. கரியின் தடிப்பு 3 மில்லிமீற்றருக்கு வந்தால், எந்த மாதமாக இருந்தாலும் துப்புரவாக்க வேண்டிய நேரம்தான்.

3. கரி தட்டுதல்

தேவையானவை: கூட்டின் உயரத்துக்கு ஒரு கமுகஞ்சலாகை, ஒரு கட்டுத் தென்னை ஈர்க்கு, கட்டுக்கம்பி, ஒரு வயர் பிரஷ், பழைய சாக்கு இரண்டு, மூக்கையும் வாயையும் மூடத் துணி, தலைக்கு ஒரு துவாய். நல்ல உடுப்போடு இந்த வேலைக்குப் போக வேண்டாம், எவ்வளவு துவைத்தாலும் கரி விடாது.

ஈர்க்கை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, சலாகையின் நுனியைச் சுற்றிக் குடைபோல விரிய இறுக்கிக் கட்டுங்கள். கூட்டின் உள் அகலத்தைவிட இரண்டு விரல் கூடுதலாக விரிந்தால்தான் மூலைகளில் உரசும். குசினிச் சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, நனைத்த சாக்கை அடுப்பின் வாயில் தொங்கவிட்டு, அதன் இடுக்கு வழியாகச் சலாகையை மேலே ஏற்றுங்கள். ஒரேயடியாக உச்சிக்குத் தள்ள வேண்டாம். ஒரு முழம் ஏற்றி, ஐந்தாறு தரம் மேலும் கீழும் தேய்த்து, அப்புறம் அடுத்த முழம். கடைசியில் மூலைகளுக்குத் தனியாக ஒருமுறை.

கீழிருந்து தட்டுவதைத்தான் புதியவர்களுக்குச் சொல்வேன். கூரைக்கு ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஓடு நன்றாகக் காய்ந்த நாளில், கீழே ஏணியைப் பிடிக்க ஒருவரோடு ஏறுங்கள். பாசி பிடித்த ஓடு வழுக்கும். அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் மிதிக்கவே கூடாது, காலோடு உடைந்து போகும்.

மினுங்கும் தார்க்கரி ஈர்க்குக்கு மசியாது. கை எட்டும் இடத்தில் வயர் பிரஷ்ஷால் சுரண்டுங்கள். எட்டாத இடத்துக்குச் சலாகை நுனியில் தட்டையான இரும்புத் துண்டைக் கட்டிச் சுரண்டலாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், கரி குழம்பாகிச் சுவரில் இன்னும் இறுகும். விழுந்த கரியைக் கிணற்றடியில் கொட்டவும் வேண்டாம். மழை அதை எங்கே கொண்டுபோகும் என்று சொல்லத் தேவையில்லை.

4. வெடிப்பு அடைத்தல்

கூட்டிலோ அடுப்பிலோ வெடிப்பு இருந்தால் புகை அதன் வழியாகவும் வரும், தீயும் கூரைமரத்தைத் தேடும். எங்கள் ஊரில் இதற்குப் புற்றுமண்தான். புற்றுமண், அரித்த மணல், கொஞ்சம் உமி சேர்த்துக் குழைத்து, வெடிப்பைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு அழுத்தி அடையுங்கள். காய்ந்த சுவரில் அப்படியே பூசினால் மறுநாள் பிளந்து விழும். புற்றை மண்வெட்டியால் கொத்துமுன் தடியால் தட்டிப் பாருங்கள், உள்ளே குடியிருப்பவர் கறையான் மட்டும் இல்லாமல் இருக்கலாம். வெறும் சிமெந்துச் சாந்து நெருப்புப் படும் இடத்தில் நிலைக்காது.

5. கூட்டின் தலை

கூடு கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். 10 அடி தூரத்துக்குள் உள்ள கூரை முகட்டைவிட 2 அடியாவது மேலே நிற்க வேண்டும். முகட்டுக்குக் கீழே நின்றால், முகட்டைத் தாண்டி வரும் காற்றுச் சுழன்று கூட்டுக்குள் விழும். வீட்டுக்குத் தென்மேற்கில் குசினி இருந்தால் சோளகத்தில் குறை தெரியாது, வாடை வந்ததும் தெரியும். கூட்டைப் பிழையென்று இடிக்குமுன் அதன் உயரத்தை அளந்து பாருங்கள். இரண்டு வரி கல் கூட்டினாலே தீரக்கூடிய பிரச்சினை அது. மழைக்கு மேலே கொங்கிறீற் தட்டோ தகர மூடியோ வேண்டும், பக்கங்கள் திறந்தபடி. அணிலுக்குக் கம்பிவலை அடிப்பதானால் அணில் நுழையாத அளவுக் கண் உள்ள வலை போதும். மிகச் சின்னக் கண் வலை சீக்கிரம் கரியால் அடைத்துவிடும்.

6. விறகு

உண்மையில் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. புதிதாகத் தறித்த மரத்தின் நிறையில் பாதியளவு தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான் நெருப்பின் சூடு போகிறது. மிச்சம் புகையாகவும் தாராகவும் கூட்டில் ஏறுகிறது. ஈரம் 20 வீதத்துக்குக் கீழே வந்தால்தான் விறகு விறகாக எரியும்.

பார்ப்பது சுலபம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ‘ணங்’ என்னும், ஈரம் ‘தொப்’ என்னும். காய்ந்த துண்டின் வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழரும். எரியும்போது நுனியில் நுரை தள்ளிச் சீறினால் அதை வெளியே எடுத்து அடுப்போரம் வையுங்கள், நாளைக்கு உதவும்.

பாலையும் வீரையும் நின்று எரியும், தணலும் பிடிக்கும். ஆனால் தடியாகக் கிடந்தால் லேசில் காயாது, வெயில் நாளிலேயே பிளந்து போட வேண்டும். கிளிசறியா சீக்கிரம் காயும், வேலியிலேயே வளரும். காட்டில் பச்சைமரம் தறித்து வழக்கில் மாட்டத் தேவையில்லை. மிதிவெடிப் பலகை நிற்கும் பக்கம் சுள்ளி பொறுக்கவும் போக வேண்டாம். பழைய பனையைப் பிளக்கும்போது, போர்க்காலத்தில் உள்ளே பாய்ந்த செல் (எறிகணை) துண்டு கோடரி வாயைத் தின்பதும் எங்கள் ஊர் வழக்கம்தான், பார்த்துக் கொத்துங்கள்.

அடுக்கும்போது கீழே இரண்டு பனங்குற்றியோ கல்லோ வைத்து நிலத்திலிருந்து உயர்த்துங்கள். தறப்பாளை மேலே மட்டும் போடுங்கள். நாலு பக்கமும் இழுத்துக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று நாள் விறகு எப்போதும் குசினிக்குள் இருக்கட்டும், அடுப்பிலிருந்து பொறி எட்டாத தூரத்தில்.

7. மூட்டுதல்

முதலில் யன்னலையோ கதவையோ நாலு விரல் அளவுக்குத் திறவுங்கள், சாரல் அடிக்காத பக்கமாக. இதைச் செய்து பார்க்காமல் கூட்டைக் குறை சொல்ல வேண்டாம். பிறகு ஒரு காவோலையைக் கொளுத்தி, கூட்டின் தொண்டைக்குள் ஒரு நிமிடம் பிடியுங்கள். இரவெல்லாம் அங்கே நின்ற குளிர்காற்றுச் சூடாகி நகரும். சுடர் மேலே இழுபட்டால் வழி திறந்துவிட்டது. இனி பன்னாடை, சிரட்டை, ஊமல் வைத்து மூட்டி, மெல்லிய விறகு, அப்புறம் தடித்தது. மழைநாளில் பொலித்தீன் பையைக் கொளுத்தி மூட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்தப் புகை நஞ்சு, கரியும் பசையாகப் படியும். வர்ணம் பூசிய பலகையும் அப்படித்தான்.

கூட்டுக்குள் திடீரென்று லொறி ஓடுவதுபோல இரைச்சல் கேட்டால் உள்ளே கரி பற்றிவிட்டது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, முடிந்தால் அடுப்பில் மணலைக் கொட்டி வாயை அடையுங்கள். சூடான கூட்டுக்குள் தண்ணீர் ஊற்றினால் கல் வெடிக்கும்.

மார்கழிக் குளிருக்குத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது, குறிப்பாகப் பிள்ளை பெற்ற வீட்டில், இதையெல்லாம்விட ஆபத்து. தணலில் புகை தெரியாது, ஆனால் கார்பன் மொனொக்சைட் வரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, வாந்தி, மயக்கம் என்று தொடங்கும். உடனே ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சாம்பிராணி போட வேண்டுமென்றால் கதவைத் திறந்து வைத்துப் போட்டுவிட்டுச் சட்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

பொங்கலுக்கு வீடு கழுவும்போது கூட்டை இன்னொருமுறை கண்ணாடியில் பாருங்கள். ஈரவிறகு எரித்த வீடென்றால் அதற்கு முன்பே பார்க்க வேண்டும். எப்போது என்று தெரிய ஒரு வழி உண்டு: அடுப்பு மூட்டிக் கால்மணி நேரத்தில் முற்றத்துக்குப் போய்க் கூட்டின் தலையைப் பாருங்கள். மெல்லிய நீலமாகவோ, ஒன்றும் தெரியாமலோ இருந்தால் உள்ளே போய்ச் சமைக்கலாம். வெள்ளையாகத் திரண்டு முகட்டோடு படுத்து ஊர்ந்தால் விறகை மாற்றுங்கள். விறகை மாற்றியும் அப்படியே என்றால் சலாகையை எடுங்கள்.