‘எண்ணெய் விட்டிருக்கேன் அண்ணே’: குழுவாக சைக்கிள் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் குழுவோடு கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த தம்பியின் சைக்கிளிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். மணலை வாயில் போட்டு மெல்லுவதுபோல. பக்கத்தில் போய், “தம்பி, செயினைக் கொஞ்சம் பாரு” என்றேன். “எண்ணெய் விட்டிருக்கேன் அண்ணே. நேத்து ராத்திரிதான். தாராளமா விட்டிருக்கேன்” என்றான்.

அந்தத் ‘தாராளமா’வைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பல வருஷத்துக்கு முன் இதே கேள்விக்கு இதே பதிலை, இதே பெருமையோடு நானும் சொல்லியிருக்கிறேன். அதற்குக் கொடுத்த விலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். ஹெல்மெட் போடுங்கள், இருட்டில் விளக்கு எரியட்டும், பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

சீட்டைத் தாழ்த்தி வைப்பது

உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று புதியவர்கள் சீட்டை இறக்கிவிடுகிறார்கள். நிற்கும்போது வசதிதான். ஆனால் மிதிக்கும்போது முழங்கால் எப்போதும் மடங்கியே இருக்கும். ஒரு மணி நேரத்தில் முட்டியின் முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். ‘சைக்கிள் எனக்கு ஒத்துக்கவில்லை’ என்று சொல்லி விட்டுவிட்டவர்களில் பாதிப் பேருக்கு ஒத்துக்கொள்ளாதது சீட்டின் உயரமாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் கிட்டத்தட்ட சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்போம் என்பதால் முட்டியில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட்டை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டீர்கள். நிற்க வேண்டுமென்றால் சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றினால் போதும். நாலு நாளில் பழகிவிடும்.

புது ஷூவோடு நீண்ட பயணம்

வேண்டாம்.

கிளம்பின ஜோரிலேயே போவது

முதல் பத்து கிலோமீட்டரில் எல்லாரும் வீரர்கள்தான். கால் புதுசு, காலைக் காற்று, பக்கத்தில் ஆள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும். அதைச் சமாளிக்கக் காலிலிருந்து வர வேண்டிய சக்தியோ மும்மடிப் பெருக்கமாகக் கூடும். மணிக்கு 20 கிலோமீட்டரிலிருந்து 30-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் காற்றுக்கு மட்டும் செலவாகும் சக்தி மூன்று மடங்குக்கும் மேல். திரும்பி வரும்போது அந்தக் கடனை யார் அடைப்பது?

‘எண்ணெய் விட்டாச்சு’ என்று செயினை மறந்துவிடுவது

சரி, தம்பி கதைக்கு வருவோம். தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில் அவன் செயினை விரலால் தொட்டுப் பார்த்தேன். மை மாதிரி ஒட்டியது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தால் நறநறவென்றிருந்தது. அழுக்கைத் துடைக்காமல் அதன்மேல் எண்ணெயை ஊற்றியிருக்கிறான். எண்ணெயும் தூசியும் கலந்தால் கிடைப்பது உயவு இல்லை, உப்புத்தாளைக் கரைத்துக் குழைத்த மாதிரி ஒரு பசை. ஒவ்வொரு மிதிக்கும் அது இரும்பை அரைத்துக்கொண்டே இருக்கும்.

செயின் ‘நீண்டுவிட்டது’ என்று பேச்சுக்குச் சொல்கிறோம். தகடு ஒன்றும் ரப்பர்போல இழுபடுவதில்லை. ஒரு செயினில் நூற்றுச் சொச்சம் கண்ணிகள். ஒன்றையொன்று இணைக்கும் பின்னும் (சின்ன ஆணி மாதிரி இருப்பது), அந்தப் பின் சுழலும் துளையும் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை அளவு இடைவெளி கூடினால், மொத்தத்தில் செயின் நீண்டுபோகிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது. அதுதான் சிக்கல்.

ஆனால் ஒரு சாதாரண ஸ்டீல் ஸ்கேல் போதும், பிடித்துவிடலாம். இன்று ஓடும் சைக்கிள்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை சரியாக அரை இன்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். அப்படியென்றால் 24 கண்ணிக்கு 12 இன்ச். பெடலை லேசாக அழுத்திச் செயினை விறைப்பாக்கி, ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். 24 கண்ணி தள்ளி வரும் பின்னின் நடு 12 இன்ச் கோட்டில் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி ஒன்றரை மில்லிமீட்டர் போயிருந்தால் தேய்மானம் அரை சதவீதம். பின்னால் 11 அல்லது 12 பல்சக்கரம் உள்ள சைக்கிளுக்கு அப்போதே செயினை மாற்றிவிடுவது நல்லது. 9, 10 உள்ளவற்றுக்கு இரண்டேகால் மில்லிமீட்டர் வரை, அதாவது முக்கால் சதவீதம் வரை விடலாம். மூன்று மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் செயின் தனியாகத் தேயவில்லை, பின்னாலிருக்கும் கேசட்டையும், அதாவது பல்சக்கர அடுக்கையும், சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தம்பியின் செயின் மூன்றைத் தாண்டியிருந்தது. அவன் முகம் வாடியது. ஆனாலும் கேட்டான்: “செயினை மட்டும் மாத்திட்டா சரியாயிடுமாண்ணே?”

அதே கேள்வி. நான் யாரையும் கேட்கவில்லை, நேராகச் செய்தே பார்த்தேன். என் முதல் நல்ல சைக்கிளின் செயின் ஏழாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. வேலைக்குப் போக, வர, வார இறுதியில் குழுவோடு சுற்ற என்று எல்லாம் அதில்தான். வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் ஊற்றுவேன், துடைத்ததே இல்லை. இரண்டு நாள் பயணம் ஒன்றுக்கு முந்தின ராத்திரி, ‘வண்டியைப் புதுசாக்கி எடுத்துக்கொண்டு போகலாம்’ என்று ஆசைப்பட்டுப் புதுச் செயின் மாட்டினேன். வீட்டுக்குள்ளேயே தூக்கிப் பிடித்துப் பெடலைச் சுற்றிப் பார்த்தேன். வெண்ணெய்போல ஓடியது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் முதல் மேட்டில் எழுந்து நின்று மிதித்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். கால் காற்றில் மிதித்த மாதிரி கீழே போய்விட்டது. நெஞ்சு ஹேண்டில்பாரில் மோதியது. பின்னால் வந்தவர் என் பின் சக்கரத்தில் இடித்து, எப்படியோ சமாளித்து நின்றார். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நடந்தது என்னவென்றால், நீண்டுபோன பழைய செயின் கேசட்டின் பற்களைத் தன் அளவுக்குத் தேய்த்து வைத்திருந்தது. தேய்ந்த செயினும் தேய்ந்த பல்லும் ஒன்றுக்கொன்று அனுசரித்துக்கொண்டு ஓடும், வீட்டுக்குள் சண்டையில்லாமல். சரியான அளவுள்ள புதுச் செயின் வந்ததும் அந்தப் பற்களில் உட்கார முடியவில்லை. சும்மா சுற்றும்போது தெரியாது. பாரம் விழுந்தால் பல்லுக்குப் பல் தாவிவிடும். அடிக்கடி பயன்படுத்தும் சின்னப் பல்சக்கரங்கள்தான் முதலில் தேயும். ஆகவே அன்று மிச்சமிருந்த தூரம் முழுக்க, அதிகம் தேயாத இரண்டு பெரிய பல்சக்கரங்களில் மட்டும் ஓட்டினேன். சமதரையிலும் கால் தறி மாதிரி படபடவென்று அடிக்கிறது, வண்டியோ நகரவில்லை. என்னால் எட்டுப் பேர் மெதுவாக வந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ஊர் திரும்பியதும் கேசட் மாற்றினேன். முன்னாலிருந்த பல்சக்கரங்களும் சுறா மீனின் துடுப்புபோல ஒருபக்கம் வளைந்து கூர்மையாகியிருந்தன, அவற்றையும் மாற்றினேன். அந்தச் செலவில் பல செயின்கள் வாங்கியிருக்கலாம். உரிய நேரத்தில் இரண்டு செயின் மாற்றியிருந்தால் அந்தக் கேசட் இன்னும் ஓடியிருக்கும். கோபம் யார்மேலும் இல்லை, ஸ்கேல் மேஜை டிராயரிலேயே கிடந்தது என்பதுதான்!

எண்ணெய் விடும் முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. முதலில் பழைய துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். துணியில் கறுப்பு குறையும் வரை இடம் மாற்றி மாற்றித் துடையுங்கள். அப்புறம் வித்தியாசமாகத் தெரியும் இணைப்புக் கண்ணியிலிருந்து ஆரம்பித்து, பின்னைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு. அந்தக் கண்ணி திரும்பி வந்தால் நிறுத்திவிடலாம். சில நிமிஷம் பின்னோக்கிச் சுற்றி, முடிந்தால் ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் வெளியே இருக்கும் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். பலர் செய்யாமல் விடுவது இந்தக் கடைசி வேலையைத்தான். எண்ணெய்க்கு வேலை உருளைக்கும் பின்னுக்கும் உள்ளே. வெளியே பளபளப்பது தூசியை வா வா என்று கூப்பிடத்தான். மழையில் நனைந்த வண்டியை அப்படியே நிறுத்தினால் மறுநாளே செம்பழுப்பாகத் துரு பூத்துவிடும். எவ்வளவு களைப்பானாலும் அன்றைக்கே துடைத்து எண்ணெய் விடுங்கள்.

ஒன்று மட்டும் கூடுதலாக. புதுச் செயினோ புதுக் கேசட்டோ எது மாட்டினாலும், பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே மாட்டி, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மேட்டில் எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். தூக்கிப் பிடித்துச் சுற்றிப் பார்ப்பது சோதனையே இல்லை.

முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன் சக்கரம்

குழுவில் ஓட்டுவதன் சுகமே முன்னால் ஒருவர் காற்றை வாங்கிக்கொள்வதுதான். அந்தச் சுகத்தில் புதியவர்கள் நெருங்கி நெருங்கி, ஒரு கட்டத்தில் தங்கள் முன் சக்கரத்தை அவருடைய பின் சக்கரத்துக்கு ஓரமாகவே கொண்டுபோய்விடுகிறார்கள். அவர் ஒரு குழிக்காக ஒரு சாண் விலகினால் போதும், இரண்டு டயரும் உரசும்.

சைக்கிள் விழாமல் ஓடுவதே, சாயும் பக்கம் முன் சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிச் சமன் செய்வதால்தான். உரசும்போது அந்தத் திருப்பம் தடைபடுகிறது. முன்னால் இருப்பவர் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் போய்விடுவார். விழுவது பின்னால் இருப்பவர்தான். விழும்போது எல்லாரும் கையை ஊன்றப் பார்ப்போம், அந்த அடி காறை எலும்பு வரை போகலாம். பழகும்வரை ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விடுங்கள். அவருடைய டயரையே முறைத்துக்கொண்டிருக்காமல் தோளுக்கு மேலாகப் பாதையைப் பாருங்கள். முன்னால் இருப்பவரும் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. குழி வந்தால் கையைக் கீழே காட்டுங்கள், ஒரு குரலும் கொடுங்கள்.

பேடு வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை

போடக் கூடாது. தையல் எங்கே உரசும் என்பதை 60-வது கிலோமீட்டரில் தெரிந்துகொள்வீர்கள்.

முள்ளை உள்ளேயே விட்டு டியூபை மாற்றுவது

மாற்று டியூப் எல்லாரும் கொண்டுவருகிறார்கள். ஆனால் வீட்டில் ஒருமுறையாவது மாற்றிப் பழகியவர்கள் குறைவு. பஞ்சரானதும் அவசரமாகப் புது டியூபைப் போட்டுக் காற்றடித்து, இரண்டு கிலோமீட்டரில் மறுபடி உட்காருவார்கள். முள் டயரிலேயே இருந்திருக்கும். டயரின் உட்புறம் முழுக்க விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கம்பித் துணுக்குகூட விரலுக்குத் தட்டுப்படும்.

வால்வையும் பார்த்து வாங்குங்கள். ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு ரிம்மில் 6 மில்லிமீட்டர்போலத் துளை. கார் டயரில் இருப்பதுபோன்ற தடித்த ஷ்ரேடருக்கு 8. தடித்த வால்வு ஒல்லித் துளைக்குள் போகாது. ஒருவர் நடுவழியில் அதைத் திணித்துப் பார்த்ததை நாங்கள் ஆறு பேர் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறோம்.

பசித்த பிறகு சாப்பிடுவது

பசி தெரியும்போது ஏற்கெனவே தாமதம். விடாமல் அழுத்தி மிதித்தால் உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தீர ஆரம்பிக்கும். நீண்ட பயணத்தில் முதல் மணியிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருக்கட்டும்.

கடைசியில் வருபவர் வந்ததுமே கிளம்புவது

இது பழைய ஆட்களுக்கு. மேட்டின் உச்சியில் முதலில் வந்தவர்கள் பத்து நிமிஷம் உட்கார்ந்து, படம் எடுத்து, கதை பேசியிருப்பார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து ஒரு காலை ஊன்றியதும், “வந்துட்டார்ப்பா, கிளம்பலாம்” என்று ஏறிவிடுவார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்கு மட்டும் ஓய்வே இல்லை. அவர் தண்ணீர் குடித்து பாட்டிலைத் திரும்ப மாட்டும் வரையாவது யாரும் சீட்டில் ஏறாதீர்கள்.