விமான ஒயரிங்குக்கு வரும் ‘ஏடி’ உத்தரவைப் படித்து வேலையை முடிப்பது எப்படி: மலையிலிருந்து படிக்கக் கிளம்புபவர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்திலிருந்து விமானப் பராமரிப்புப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நீலகிரியில் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது கோவை பீளமேடுதான். ஹேங்கர் (விமானத்தை நிறுத்திப் பராமரிக்கும் கொட்டகை) எப்படி இருக்கும் என்று பார்க்காமலேயே வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறோம். அங்கே கையில் கிடைக்கும் தாள்களில் மிக முக்கியமானது, ஏர்வொர்தினெஸ் டைரக்டிவ். தொழிலில் எல்லோரும் ‘ஏடி’ என்றுதான் சொல்வார்கள். மின்சார மாற்றம் செய்யச் சொல்லும் ஏடியை எப்படிப் படிப்பது, வேலையை எப்படிச் செய்வது, எங்கே தவறு நடக்கும் என்பதை வரிசையாகப் பார்ப்போம். ஊருக்கு வரும் விடுமுறையில் செய்து பார்க்க ஒரு பலகைப் பயிற்சியும் நடுவில் இருக்கிறது.

முதலில் ஒரு வித்தியாசம்

விமானத் தயாரிப்பாளர் அனுப்புவது சர்வீஸ் புல்லட்டின், சுருக்கமாக எஸ்பி. ‘இப்படி மாற்றுங்கள்’ என்று வேலை முறையைச் சொல்லும் தாள் அது. ஏடி அரசு போடும் உத்தரவு. ஒரு ரக விமானத்தில் ஆபத்தான குறை இருக்கிறது, அது அதே ரகத்தின் மற்ற விமானங்களிலும் இருக்கலாம் என்று தெரிந்தால் ஏடி வரும். ‘இந்த எஸ்பிப்படி செய்’ என்று ஏடி சொல்லிவிட்டால் அந்த எஸ்பியில் உள்ள வேலையும் கட்டாயமாகிவிடும். போயிங் விமானத்துக்கு அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ போடும். ஏர்பஸ், ஏடிஆர் விமானங்களுக்கு ஐரோப்பாவின் அதே மாதிரி அமைப்பான ஈயாசா போடும். நம் நாட்டில் டிஜிசிஏ. வடிவமைத்த நாடு போட்ட ஏடி, இங்கே பதிவான விமானத்தையும் கட்டுப்படுத்தும்.

படி 1: எண்ணைப் பிரித்துப் படியுங்கள்

எஃப்ஏஏ போட்ட 2013-02-51 என்ற ஏடியை எடுத்துக்கொள்வோம். முதலில் ஆண்டு. நடுவில் உள்ள 02, அந்த ஆண்டின் இரண்டாவது இருவாரக் காலம். கடைசியில் வரிசை எண்; அது 51 அல்லது அதற்கு மேல் என்றால் அவசர ஏடி. இது போயிங் 787-இன் லித்தியம் அயான் பேட்டரிக்காக வந்தது. 2013 ஜனவரி 7 அன்று பாஸ்டனில் நின்றிருந்த விமானத்தில் பேட்டரி எரிந்தது. ஜனவரி 16 அன்று ஜப்பானில் பறந்துகொண்டிருந்த இன்னொன்று அவசரமாகத் தக்கமாட்சுவில் இறங்கியது. அன்றே உத்தரவு வந்தது. ஏர் இந்தியாவின் 787 விமானங்களும் நின்றன. பேட்டரியை எப்படி மாற்ற வேண்டும் என்று சொன்ன ஏடி ஏப்ரலில்தான் வந்தது. செல்களுக்கு நடுவே கூடுதல் இன்சுலேஷன், மாற்றியமைத்த சார்ஜர், பேட்டரியைச் சுற்றி எஃகுப் பெட்டி, புகை விமானத்துக்கு வெளியே போகத் தனிக்குழாய் என்று மாற்றங்கள் செய்யப்பட்டன.

எண்ணைப் பார்த்த கையோடு, ‘பாதிக்கப்படும் ஏடிகள்’ பத்தியையும் பாருங்கள். பழைய ஏடியை ரத்து செய்துவிட்டு வந்த புதிய ஏடி என்றால் அங்கே எழுதியிருக்கும். பழையதை வைத்துக்கொண்டு வேலை செய்தால் உழைப்பு முழுக்க வீண்.

படி 2: இந்த விமானத்துக்குப் பொருந்துமா?

வாலுக்குப் பக்கத்தில் ‘விடி’ என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. விமானம் கை மாறினால் பதிவு எண்ணும் மாறலாம். ஏடி பேசுவது ரகத்தையும் தயாரிப்பு வரிசை எண்ணையும். சில ஏடிகள் ‘இந்த மாற்றம் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்ட விமானங்கள் தவிர’ என்று விலக்கு தரும். விலக்கு உண்டு என்றால், எந்தத் தாளை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதைப் பதிவேட்டில் காட்ட வேண்டும். பொருந்தாத ஏடியையும் ‘பொருந்தாது’ என்று காரணத்தோடு எழுத வேண்டும். வெறுமனே விடக் கூடாது.

சில ஏடிகள் விமானத்தை விட்டுவிட்டு ஒரு பாகத்தின் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஸ்டோரில் உட்கார்ந்திருக்கும் உதிரிபாகத்தையும் தேட வேண்டும். இன்று விமானத்தில் இருப்பதைக் கழற்றிவிட்டு, நாளை ஸ்டோரிலிருந்து அதே பழைய பாகத்தை மாட்டினால் குறை திரும்ப வந்துவிடும்.

படி 3: ‘ஆபத்தான நிலை’ பத்தியை இரண்டு முறை படியுங்கள்

பலர் தாவிப்போகிற பத்தி இதுதான். எந்தக் குறைக்காக வேலை செய்கிறோம் என்று தெரியாதவர், ஒயரில் இருக்கும் உண்மையான உரசலைப் பார்த்தாலும் அடையாளம் காண மாட்டார்.

1996 ஜூலை 17 அன்று டிடபிள்யூஏ 800, ஒரு போயிங் 747, நியூயார்க்கிலிருந்து கிளம்பியதும் நடு எரிபொருள் தொட்டி வெடித்து 230 பேர் இறந்தார்கள். தொட்டிக்கு வெளியே நடந்த ஷார்ட் சர்க்யூட்டிலிருந்து, எரிபொருள் அளவைக் காட்டும் ஒயர் வழியாக அதிக வோல்டேஜ் உள்ளே போயிருக்கலாம் என்பதே விசாரணையின் முடிவு. 1998 செப்டம்பர் 2 அன்று ஸ்விஸ்ஏர் 111, எம்டி-11 ரகம், கனடா கரைக்கு அருகே கடலில் விழுந்து 229 பேர் இறந்தார்கள். விமானி அறையின் கூரைக்கு மேலே ஒயரில் ஆர்க் (இடைவெளியில் தாவும் மின்பொறி) அடித்து, பக்கத்தில் இருந்த இன்சுலேஷன் போர்வையின் உறை தீப்பிடித்துப் பரவியது.

இந்த இரண்டுக்கும் பிறகுதான் விதிகள் இறுகின. 2001-இல் வந்த எஸ்எஃப்ஏஆர் 88 என்ற எஃப்ஏஏ விதி, எரிபொருள் தொட்டிகளில் தீப்பொறி வர வாய்ப்புள்ள எல்லா வழிகளையும் தயாரிப்பாளர்கள் ஆராய வேண்டும் என்றது. அந்த ஆராய்ச்சியிலிருந்து எத்தனையோ ஏடிகள் பிறந்தன: எரிபொருள் பம்பின் மின்சுற்றில் மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் கருவி, ஒயர்களுக்கு ஸ்லீவ் (மேல் உறை), தொட்டிப் பாகங்களுக்குப் பாண்டிங் (உலோகப் பாகங்களை மின்சாரம் கடக்கும்படி ஒன்றோடொன்று இணைப்பது) என்று. 2007-இல் வந்த விதிகள் ஒயர், கனெக்டர், கிளாம்ப் எல்லாவற்றையும் சேர்த்து ‘ஈவிஸ்’ என்ற தனி அமைப்பாகவே கருதச் சொல்லின. அதுவரை ஒயர் என்பது ஏதோ ஒரு கருவியின் வால் மாதிரிதான் பார்க்கப்பட்டது.

படி 4: கெடு எப்போது?

அதிகத் தவறு நடக்கும் இடம் இது. கெடு மூன்று விதமாக வரும்: பறந்த மணி நேரம், பறந்த சுற்று (ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று), மாதம். கூடவே ‘எது முதலில் வருகிறதோ’ அல்லது ‘எது பிந்தி வருகிறதோ’ என்று ஒரு சொல் ஒட்டியிருக்கும். அந்த ஒரு சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள்.

பயிற்சிக்காக ஒரு கணக்கு. ‘அமலுக்கு வந்த நாளிலிருந்து 6,000 மணி நேரம் அல்லது 24 மாதம், எது முதலில் வருகிறதோ அதற்குள்’ என்று வைத்துக்கொள்வோம். விமானம் நாளுக்கு 10 மணி நேரம் பறந்தால் 600 நாளில் 6,000 தொட்டுவிடும். ஏறக்குறைய 20 மாதம். மணி நேரம்தான் முதலில். அதே விமானம் நாளுக்கு 7 மணி நேரம் மட்டும் பறந்தால் 857 நாள் ஆகும். அதற்குள் 24 மாதம் முடிந்துவிடும். ஒரே ஏடி, ஒரே ரகம், இரண்டு வேறு கெடு. நடுவில் அட்டவணை மாறினால் கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

இன்னொரு கண்ணி: ‘குறிப்பிட்ட மணிக்கு ஒருமுறை சோதனை, மாற்றம் செய்துவிட்டால் சோதனை தேவையில்லை’ என்று சில ஏடிகள் சொல்லும். மாற்றம் செய்யும் நாள் வரை சோதனை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த மாதம் மாற்றப்போகிறோமே என்று இந்த மாதச் சோதனையை விட்டால் விமானம் பறக்கத் தகுதியற்றது.

படி 5: கருவியைத் தொடும் முன்

எஸ்பியில் சில வரிகளுக்குப் பக்கத்தில் ‘ஆர்சி’ என்று இருக்கும். அவை ஏடிக்கு இணங்க அப்படியே செய்தாக வேண்டிய வரிகள். அதில் ஒரு பாகம் கிடைக்கவில்லை, வேறொன்றைப் போடலாமா என்றால், ‘மாற்று வழி’க்கு அனுமதி வாங்கிய பிறகுதான் போடலாம். போட்டுவிட்டு அனுமதி கேட்கக் கூடாது.

பிறகு மின்சாரம். தொடர்புடைய சர்க்யூட் பிரேக்கர்களை இழுத்து, காலர் (பிரேக்கர் திரும்ப உள்ளே போகாமல் தடுக்கும் வளையம்) மாட்டி, சீட்டு தொங்கவிடுங்கள். பேட்டரியையும் தரையிலிருந்து வரும் மின் இணைப்பையும் துண்டியுங்கள். பேனலைத் திறந்ததும் முதல் வேலை படம் எடுப்பது: கிளாம்ப் எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த ஒயர் மேலே போகிறது என்று. இரண்டாவது, பக்கத்தில் உள்ள ஒயர் கட்டுகளைத் துணியாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூடுவது. ஒரு துளை போட்டால் விழும் அலுமினியச் சீவல், கட்டுக்குள் புகுந்து, அதிர்விலேயே அறுத்து அறுத்து இன்சுலேஷனைத் திறந்துவிடும். குறையைத் திருத்தப் போய்ப் புதுக் குறையை நட்டுவிட்டு வருவது இப்படித்தான். மூடாமல் துளை போடுகிறவரை நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள், அவர் மூத்தவரானாலும்.

படி 6: ஒயர் கட்டு, பலகைப் பயிற்சியோடு

கீழே வரும் அளவுகள் எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி என்ற பொதுக் கையேட்டில் உள்ளவை. அந்தந்த விமானத்தின் ஒயரிங் கையேடோ ஏடியோ வேறு அளவு சொன்னால் அதுதான் செல்லும்.

60 × 30 சென்டிமீட்டர் பிளைவுட் ஒன்று, 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒரு மீட்டர் நீளத்தில் 12 துண்டு, உள்ளே ரப்பர் வைத்த கிளாம்ப் மூன்று. குன்னூர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். கரண்ட் கொடுக்கவே வேண்டாம். 12 ஒயரையும் சேர்த்துக் கட்டுங்கள். வளைவின் ஆரம், கட்டில் உள்ள மிகத் தடித்த ஒயரின் குறுக்களவைப்போல் 10 மடங்குக்குக் குறையக் கூடாது; ஒரு ஒயர் 2.5 மில்லிமீட்டர் என்றால் 25 மில்லிமீட்டர். வட்டம் வரைந்து, அதன் மேல் வளைத்துப் பாருங்கள். நாம் வழக்கமாக வீட்டு ஸ்விட்ச் பாக்ஸில் மடக்கித் திணிப்பது எவ்வளவு கொடுமை என்று கண்ணுக்கே தெரியும்.

இரண்டு கிளாம்ப்புக்கு நடுவே விரலால் சாதாரணமாக அழுத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக் கூடாது. கம்பி மாதிரி விறைத்தும் நிற்கக் கூடாது; விறைத்தால் அதிர்வில் முனை அறுந்துவிடும். கிளாம்ப்புக்குள் ஒரு ஒயர் நசுங்கியிருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். பெரிய கிளாம்ப் போட்டால் கட்டு நழுவி உரசும், சிறியது போட்டால் ரப்பருக்கு வெளியே ஒயர் பிதுங்கி உலோகத்தில் கடிபடும்.

மூன்றாவது கிளாம்ப், நீர்ச்சொட்டு வளைவுக்கு. நம் வீடுகளில் இபி சர்வீஸ் ஒயர் சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கவிடுவார்கள். மழைநீர் ஒயரோடு உள்ளே வராமல் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். விமானத்திலும் கனெக்டருக்கு முன் அதே வளைவுதான். உள்ளே மழை ஏது என்றால், ஊட்டியில் ஜனவரிக் காலையில் தகரக் கூரையின் உட்புறத்தைப் பாருங்கள். இரவு மூச்செல்லாம் துளித்துளியாக ஒட்டியிருக்கும். 35,000 அடியில் வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. உள்ளே நூற்றுக்கணக்கானவர்களின் மூச்சு. குளிர்ந்த உடற்கூட்டில் ஈரம் படிந்து, உறைந்து, இறங்கும்போது உருகி ஒயர் கட்டின் மேல் சொட்டும். பாலிஇமைட் இன்சுலேஷனில் விரிசலும் ஈரமும் சேர்ந்தால் ஆர்க் ஒரு புள்ளியில் நிற்காது. கரியாகிய பாதை வழியே கட்டு நெடுக ஓடும்.

கிரிம்ப், அதாவது ஒயர் முனையில் லக் என்ற உலோகத் துண்டை அழுத்தி இறுக்கும் விஷயத்தில் சமரசமே வேண்டாம். அந்த லக்குக்கு உரிய, அளவு சரிபார்த்த கருவியால்தான் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் அன்றைக்கு வேலை செய்யும், ஆறு மாதத்தில் தளர்ந்து சூடாகும். இரண்டு கனெக்டருக்கு இடைப்பட்ட ஒரு ஒயரில் ஒரு ஒட்டுக்கு மேல் கூடாது. லக்கை மாட்டும் திருகுத் தண்டான ஸ்டட் ஒன்றில் நான்கு லக்குக்கு மேல் அடுக்கக் கூடாது.

படி 7: சோதனை

உலோகப் பாகங்களை இணைக்கும் ஒயரான பாண்டிங் ஜம்பரின் தடை 0.003 ஓமுக்கு மேல் போகக் கூடாது. இதை நம் சாதாரண மல்டிமீட்டரால் அளக்கவே முடியாது. அதன் இரண்டு ஒயரின் தடையே இதைவிடப் பல மடங்கு. நான்கு முனை கொண்ட மில்லிஓம் மீட்டர் வேண்டும். அளவு அதிகமாக வந்தால் காரணம் பெரும்பாலும் லக்குக்கு அடியில் சுரண்டாமல் விட்ட பெயிண்ட். நட்டை இன்னும் இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி மாட்டுங்கள்.

பிறகு ஒயரின் மின் தொடர்ச்சி, இன்சுலேஷன் தடை, கடைசியாக ஏடி சொல்லும் செயல் சோதனை. பிரேக்கர் விழுந்தால் திரும்பத் திரும்பத் தட்டிவிடாதீர்கள். ஏன் விழுந்தது என்று தேடுங்கள்.

படி 8: எழுதுவது

படிக்கும் காலத்தில் நீங்கள் வேலை செய்யலாம், கையெழுத்து போட முடியாது. சிஏஆர்-145 என்ற டிஜிசிஏ பராமரிப்பு விதிப்படி அனுமதி பெற்ற இடத்தில், உரிய உரிமம் உள்ளவர்தான் விமானத்தை விடுவிக்கும் சான்றில் ஒப்பமிடுவார். ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்), மின்சார வேலைக்கு பி2 உரிமம். ஆனால் அவர் முன்னால் வைக்கும் தாளை நிரப்பப் போவது நீங்கள்தான். அதில் ஏடி எண், எஸ்பி எண், அந்த எஸ்பியின் திருத்த எண், செய்த முறை, தேதி, அன்றைய மொத்த மணி நேரம், மொத்தச் சுற்று, மாட்டிய பாகத்தின் எண், திரும்பச் செய்ய வேண்டியது என்றால் அடுத்த கெடு எல்லாம் இருக்க வேண்டும். ‘ஏடி செய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதிய தாளைத் திருப்பித்தான் கொடுப்பார்கள். அப்போது பேனலை மறுபடி திறந்து, எந்தத் திருத்தப்படி செய்தோம் என்று கிளாம்ப்பை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.