டிஸ்க்கை அழிக்க வேண்டாம், சாவியை அழியுங்கள்

ஆடிட்டர் அலுவலக லேப்டாப்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பழைய மெஷினை விற்கும் முன் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. லினக்ஸ் நிறுவும் அன்றே லக்ஸ் (LUKS) என்ற டிஸ்க் பூட்டும் முறையில் என்கிரிப்ட் செய்திருந்தால், விற்கும் அன்று சில நொடி வேலைதான்.

தரவைப் பூட்டுவது நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு அல்ல. உண்மையான சாவி டிஸ்க்கின் தொடக்கத்தில் ஹெடர் என்ற பகுதியில், அந்தப் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டு இருக்கிறது. லக்ஸ் 2-இல் ஹெடர் வழக்கமாக 16 மெகாபைட்தான். அதில் பூட்டிய சாவி இருக்கும் இடங்களான கீஸ்லாட்டுகள் போய்விட்டால், பாஸ்வேர்டு தெரிந்தவராலும் திறக்க முடியாது.

வாடிக்கையாளர் கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டீர்களா? சரி, லக்ஸைக் கையாளும் கிரிப்ட்செட்டப் (cryptsetup) கருவியில், கீஸ்லாட்டுகளை அழிக்கும் 'லக்ஸ்இரேஸ்' (luksErase) கட்டளை கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்காது, திரும்பப் பெறவும் வழியில்லை. டிஸ்க்கின் பெயரை இரண்டு முறை சரிபாருங்கள். அப்புறம் ஹெடர் விவரங்களைக் காட்டும் 'லக்ஸ்டம்ப்' (luksDump) போட்டு, கீஸ்லாட் பட்டியல் காலியா என்று பாருங்கள்.

பலர் கோட்டை விடுவது ஹெடர் பேக்கப்பில்தான். ஹெடர் கெட்டால் எல்லாமே போகும் என்பதால் பேக்கப் அவசியம். நான் அதைத் தனி பென்டிரைவில் போட்டு லாக்கரில் வைக்கிறேன். ஆனால் அந்த நகலும் பழைய பாஸ்வேர்டும் சேர்ந்தால் டிஸ்க் மறுபடி திறக்கும். ஆகவே அதையும் அழியுங்கள். பென்டிரைவை உடைப்பதானால் உள்ளே இருக்கும் கறுப்புச் சிப் நொறுங்க வேண்டும். வெளிக்கூடு உடைந்தால் போதாது.

எஸ்எஸ்டியில் அழித்த பகுதியின் பழைய நகல் எங்காவது தங்கியிருக்கலாம். அது கிடைத்தாலும் பாஸ்வேர்டை ஊகிக்க முடியாதபடி தொடக்கத்திலேயே நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். மூடியை மூடி ஸ்லீப்பில் விட்டால் சாவி ரேமிலேயே இருக்கும்; பயணத்தின்போது ஷட்டவுன் செய்துவிடுங்கள்.