வளர்த்த கோழி செத்துப்போனால்

பேர் வைத்து வளர்த்த கோழியென்றாலும் அன்றே புதைத்துவிடுங்கள். நம்ம ஊர் வெக்கையில் மறுநாள் வரை தாங்காது. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டித் தூக்குங்கள். கிணறு, வாய்க்காலுக்குத் தள்ளி இரண்டடிக்குக் குறையாமல் குழி வெட்டுங்கள். ஆழம் குறைந்தால் ராத்திரியே உடும்போ நாயோ தோண்டிவிடும், அதைக் காலையில் பிள்ளைகள் பார்ப்பதுதான் கொடுமை. மேலே கனமான கல் வையுங்கள். நோயில் செத்ததைக் குழம்பு வைக்கவே வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று விழுந்தால், புதைக்குமுன் கால்நடைச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகளிடம் "ஓடிப்போச்சு" என்று மழுப்பாதீர்கள், செம்பனைக் காட்டோரம் "பா... பா..." என்று தேடிக்கொண்டே திரியும். ஒரு பிடி மண் போடச் சொல்லுங்கள், பிறகு சோப்பு போட்டுக் கை கழுவட்டும்.

கூட இருந்த துணைக்கோழி இரைக்கு வராமல் ஒதுங்கி நிற்கலாம். எச்சம் பச்சையாகக் கழிந்தால் ஏக்கம் என்று விட்டுவிடாதீர்கள், நோயாக இருக்கலாம். புதுக்கோழி வாங்கினால் 30 நாள் தனிக்கூண்டு.